தங்கச்சியின் நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூடு



மூதூரில் எங்கள் வீட்டில் இரவு விளக்கை அணைத்ததும் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது என் தங்கச்சியின் நெஞ்சிலிருந்து வருவது. சின்ன வயதில் தொண்டை நோவுக்குப் பின் வந்த வாதக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பிறகு சத்திர சிகிச்சை செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். "எங்கட உம்மாட நெஞ்சுக்குள்ள மணிக்கூடு இரிக்கி" என்று அவளுடைய பிள்ளைகள் பெருமை பேசுவார்கள்.

ஒருமுறை இருமலுக்காக அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நெஞ்சின் நடுவே வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது.

"பாருங்க ராத்தா, வால்வு நல்லாத்தான் இரிக்கி. இனி எக்கோ எதுக்கு?" என்றாள். நானும் தலையாட்டினேன்.

உண்மையான காரணம் எங்கள் இருவருக்குமே தெரியும். எக்கோ எடுக்க மார்பைத் திறந்து படுக்க வேண்டும். எடுப்பவர் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்ற வெட்கம்தான். 2009 இல் கிண்ணியாப் பாலமும் திறந்தாயிற்று. பயணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. இரண்டு தவணை கிளினிக்குக்குப் போகவில்லை. இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் வார்ஃபரின் குளிசையின் அளவைச் சரிபார்க்கும் இரத்தப் பரிசோதனையும் அதோடு தவறிப்போனது.

ஓர் இரவு அவளுக்கு மூச்சு முட்டியது. காதை வைத்துக் கேட்டேன். அந்த 'டிக்' சத்தம் மங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே எக்கோ எடுத்தார்கள். வால்வில் இரத்தம் கட்டியாக உறைந்து, அதன் அசைவைத் தடுத்திருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டாள்.

"கதவு நிலை இருக்கிறதென்று எக்ஸ்ரே சொல்லும். கதவு திறந்து மூடுகிறதா என்பதை எக்கோதான் சொல்லும்" என்றார் டொக்டர்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் சட்டம் உலோகம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். திறந்து மூடும் தட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக். அது எக்ஸ்ரேயில் தெரியாது. வேறு வகை வால்வுகளில் இதழ்கள் தெரிந்தாலும், அசையாத ஒரு படம் அசைவைக் காட்டாது.

எக்கோ என்பது ஒலி அலை. 1953 இல் சுவீடனில் எட்லர், ஹேர்ட்ஸ் என்ற இருவர் இதயத்தை முதன்முதலில் இப்படிப் பார்த்தார்கள். இதில் கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். உலோகத்தின் நிழல் மறைத்தால், உணவுக்குழாய் வழியாகச் சிறு குழாயை இறக்கியும் பார்ப்பார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ இருந்தால், ஆஸ்பத்திரி தந்த அட்டையை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். எந்த ஸ்கேனுக்கும் முன்பு அதைக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கப்படுவது. இப்போதைய வால்வுகள் பெரும்பாலானவற்றுக்கு அது ஆபத்தில்லை. பழைய பேஸ்மேக்கருக்கு ஆபத்து வரலாம். இதயத்துக்குத் துணையாக இரத்தத்தைத் தள்ளும் எல்வாட் பம்ப் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கூடாது. எக்ஸ்ரேக்குப் போகும்போது பர்தா ஊசியையும் தாயத்தையும் கழற்றிவிடுங்கள். அவையும் படத்தில் விழும்.

வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் மருத்துவத் தேவைக்குத் தேவையான அளவு திறப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் ஒருவர் எடுப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் உம்மாவையோ ராத்தாவையோ பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். போர்த்திக்கொள்ளத் துணி கேளுங்கள். தவணையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு தவணைக்கும் நான்தான் அவளோடு போகிறேன். திரைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அன்று தலையாட்டியவள் நான்தானே!

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் சுகத்தையும், நேரத்தோடு மருந்து தேடும் புத்தியையும் தருவானாக. ஆமீன்.