கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதம் பத்து நாள் உதிரப்போக்கு. கருவடிக்குப்பம் சித்தானந்தர் கோவிலுக்குப் போய் வருவதற்குள் கண் இருட்டும். ஆபரேஷன் என்றதும் 'அப்பாடா' என்றுதான் இருந்தது.

முதல் நாள் ராத்திரி நர்ஸ் ஒரு படிவம் கொண்டு வந்தாள். முழுக்க இங்கிலீஷ். பென்சிலால் குறி போட்ட இடத்தைக் காட்டி, "இங்கே சார் போடட்டும். கீழே நீங்க போடுங்கம்மா" என்றாள். என்னவர் படிக்காமலே போட்டுவிட்டார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேவைப்பட்டால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுபோல் ஒரு வரி கண்ணில் பட்டது.

"கட்டியை மட்டும்தானே எடுப்பாங்க சிஸ்டர்?"

"டாக்டர் உள்ளே பார்த்து முடிவு பண்ணுவாங்க. எல்லாரும் போடறதுதாம்மா."

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?" என்றார் என்னவர். எனக்கும் கூச்சம்தான். ஆனாலும், டாக்டரம்மாவைப் பார்த்த பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் வந்தார். கோபிப்பார் என்று பயந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கட்டியை மட்டும் எடுத்தால் மறுபடி வளரலாம். கர்ப்பப்பையை எடுத்தால் உதிரப்போக்கு நிற்கும். சினைப்பைகள் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். அவற்றையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் வயதின் உபத்திரவங்கள் உடனே வந்துவிடும், எலும்பும் பலவீனமாகும். "கர்ப்பப்பையை எடுத்துடுங்க, மற்றதை விட்டுடுங்க" என்றேன். அப்படியே படிவத்தில் எழுதினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

"சொன்னா பயந்துடுவாங்கன்னுதான் சொல்றதில்லேம்மா" என்றாள் நர்ஸ் பிறகு. அவர்களுக்கு அது ஃபைலில் சேர வேண்டிய காகிதம். நமக்கோ, 'என்ன ஆனாலும் ஆஸ்பத்திரி மேல் பழியில்லை' என்று எழுதிக் கொடுக்கும் காகிதம். அது நம்முடைய பதில் என்று இரண்டு பேருமே நினைப்பதில்லை.

காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வழக்கைச் சொன்னாள். 1995ல் டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்குச் சோதனைக்காக மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதமாகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, அவர் கண் விழித்தபின் அவரையே கேட்டிருக்க வேண்டும், அவருக்குப் பதிலாக அம்மா தந்த சம்மதம் செல்லாது. நஷ்டஈடு 25,000 ரூபாய். போனது திரும்புமா?

ஆகவே சகோதரிகளே, கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள்? எதற்காக? என்ன ஆபத்து வரலாம்? வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும்? புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இது டாக்டரைச் சந்தேகிப்பதாகாது. உடம்பு நம்முடையது, கேட்டுக்கொள்வது நம் கடமை.

இப்போதெல்லாம் கோவிலுக்கு நடந்தே போய் வருகிறேன்.