‘உடம்புக்கு முடியல’ என்று சொல்லும் உரிமை

போன மே மாதம் எங்கள் குழுவில் நடந்ததை எழுத வேண்டும் என்று பல நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். எழுதினால் எங்கள் தவறும் வெளியே வரும் என்பதால் தள்ளிப்போட்டோம். இப்போது அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அக்கா எங்கள் அமைப்பின் செய்தித் தொடர்பாளர். ஒரு காலனியில் தாக்குதல் நடந்தால் மறுநாள் நாளிதழில் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று வரும். அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள். அப்படி வருவதற்கு முன்பே நிருபர்களை அழைத்துப் பேசுவது அவர் வேலை. யார் யாரை எதற்காக அடித்தார்கள், முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று எடுத்துச் சொல்வார். பாதிக்கப்பட்ட பெண்ணின் முகம் வெளியாகாமல் பார்ப்பதும் அவர்தான். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பதும் அவர்தான்.

அவருக்கு லூபஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே அந்த உடம்பைத் தாக்கும் நோய். இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். மூட்டுவலி, காய்ச்சல், தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிக்கும். பலருக்கு வெயில் பட்டாலே நோய் கிளம்பிவிடும். கட்டுக்குள் வைக்க மருந்து உண்டு, முழுதாகக் குணமாக்க இல்லை.

கல்லூரி விடுதியில் இருந்தபோதே அவருக்கு இது தொடங்கியிருக்கிறது. கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. கன்னங்களில் படரும் சிவப்புத் தடிப்பு முக்கியமான அறிகுறி என்பார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாது, இன்னும் கருமையாகத்தான் தெரியும். “வெயில்ல அலைஞ்சு கறுத்துட்ட” என்றுதான் எல்லாரும் சொன்னார்களாம்.

படித்து முடித்துச் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தார். “அங்க ரெண்டு விஷயத்தை மறைச்சேன். எந்தத் தெருவுல இருந்து வர்றேன்னு சொல்லல. என்ன மாத்திரை போடுறேன்னும் சொல்லல” என்பார். ஆறு வருஷம் கழித்து, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எங்களிடம் வந்தார். இங்கே எதையும் மறைக்க வேண்டியிருக்காது என்று நம்பித்தான் வந்தார்.

மே மாதம் ஒரு கிராமத்தில் பொதுப்பாதையை மறித்த பிரச்சினை. கள ஆய்வுக்கு எல்லாரும் போனோம், அக்கா வரவில்லை. முதல் நாள் இரவு முழுக்க உட்கார்ந்து மனுவும் பத்திரிகைச் செய்தியும் தயாரித்தது அவர்தான். அது குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. புதிதாக வந்த தம்பி ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ஃபேன் காத்துல உட்கார்ந்து எழுதுறதெல்லாம் போராட்டம் இல்லை, பாபாசாகேப் நோயோடுதான் நாட்டுக்கே சட்டம் எழுதினார் என்று. எங்களில் நாலு பேர் அதற்குக் கைதட்டல் போட்டோம். ஒருவர்கூட மறுக்கவில்லை.

மறுநாள் அக்கா களத்துக்கு வந்தார். உச்சிவெயிலில் மூன்று மணி நேரம் நின்றார். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். பதினொரு நாள் இருந்தார்.

அந்தப் பதினொரு நாளும் முறை வைத்து வார்டில் உட்கார்ந்திருந்தோம். பாபாசாகேப்பை இழுத்துத்தானே அவரைக் குத்தினோம், உண்மையில் பாபாசாகேப் நோயோடு எப்படி வாழ்ந்தார் என்று தேடிப் படித்தோம்.

1951 ஆகஸ்ட் 10 அன்று அவர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உடல்நிலை தனக்கும் மருத்துவர்களுக்கும் கவலை தருகிறது என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். நீண்ட சிகிச்சைக்குப் போவதற்கு முன் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடிக்க வேண்டும், அதை முன்கூட்டி எடுங்கள் என்று கேட்டார். அதாவது நோயை மறைக்கவில்லை. வேலையின் தேதியை மாற்றச் சொன்னார். அக்டோபரில் பதவி விலகல் அறிக்கையில், நோய்க்காகக் கடமையை விட்டுப்போகிற ஆள் நானில்லை என்ற பொருளில் சொன்னார். இந்த வரியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் விலகியதற்கு நோயைக் காரணமாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. நம் தோழர்களின் மாத்திரை டப்பாவைப் பார்த்துச் சொன்னதல்ல.

இன்னொன்றும் கண்டோம். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956 மார்ச்சில் அவர் ஒரு முன்னுரை எழுதினார். அந்த நூலை எழுதிய காலத்தில் தான் கடுமையாக நோயுற்றிருந்ததையும், தன்னை மீட்டது மனைவி சவிதாவும் மருத்துவர் மால்வங்கரும்தான் என்பதையும் அதில் நன்றியோடு பதிவு செய்தார். அவர் மறைந்தபின் 1957-இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. ‘கடமையை விடமாட்டேன்’ என்றது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘என்னைப் பார்த்துக்கொண்டார்கள்’ என்றது எத்தனை பேருக்குத் தெரியும்?

சமூகவியல் முதுகலையில் டால்காட் பார்சன்ஸின் ‘நோயாளிப் பாத்திரம்’ படித்தோம். நோயாளிக்கு வேலையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அவர் குணமாகித் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. குணமாகவே ஆகாத நோய்க்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பரீட்சையில் இந்த விமர்சனத்தை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் எங்கள் குழுவில் நாங்களே பார்சன்ஸ் மாதிரிதான் நடந்துகொண்டோம்.

சட்டமும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, அரிவாள் செல் நோய் எல்லாம் உண்டு, லூபஸ் பெயர் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு என்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை எல்லாரும் வாங்கிக் குவித்தபோது, அதைத் தினமும் போட்டாக வேண்டிய லூபஸ் நோயாளிகள் மருந்துக் கடைகளில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அக்கா அன்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் இரண்டு அட்டை வாங்கியதை இன்னும் சொல்வார்.

அவர் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டோம். “மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? டைம்டேபிளை மாத்துங்க” என்றார். மாற்றினோம். கள ஆய்வு இப்போது காலை ஒன்பதுக்குள் முடியும், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல்தான். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். நிருபர்களின் எண்களும் வழக்குகளின் நாள் கணக்கும் ஒருவர் போனில் மட்டும் இருக்கக்கூடாது. மருத்துவமனை நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. அறிக்கையில் எழுதியவர் பெயரும் களத்துக்குப் போனவர் பெயரும் ஒரே வரிசையில் வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். மற்றவர்கள் மேல் வேலை கூடியிருக்கிறது, முணுமுணுப்பும் இருக்கிறது. எங்கள் எல்லாருக்குமே 11 மாத ஒப்பந்தம்தான், மருத்துவக் காப்பீடு இல்லை. அடுத்த திட்ட வரைவில் அதற்கும் பணம் கேட்கப் போகிறோம்.

அந்தத் தம்பியைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அதைச் சொல்லாமல் ஆறு வருஷம் களை வெட்டப் போனவர். ‘முடியல’ என்று சொன்னால் கூலி போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்தை நமக்குக் கொடுத்தது பண்ணையார்கள். அதை இயக்கத்துக்குள் கொண்டுவந்து தோழர்மேல் போட வேண்டியதில்லை.

உங்கள் வாசிப்பு வட்டத்திலும் மாணவர் அமைப்பிலும் கூட்டத்துக்கு வராமல் போகிற ஒருவர் இருப்பார். ஏன் வரவில்லை என்று குழுவில் எழுதாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்கு எந்த நேரம் வசதி?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள்.

ஜெய்பீம்.