கடைசி அடியில் வெளிச்சம்

போன மாசியில் காமன் கூத்து நடக்கும் பொட்டலில் ஒரு தம்பி என் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தத் தீக்கோடு எந்த ஆப்பில் போட்டீங்க?" என்று கேட்டார். அரை விநாடி ஷட்டர், கமராவை விட்டு விலக்கிப் பிடித்த ஒரு பிளாஷ், ரியர் சிங்க். ஆப்புக்கு இதில் வேலையே இல்லை.

சாதாரணமாக ஷட்டர் திறந்ததுமே பிளாஷ் அடித்துவிடும். கூத்தில் வரும் வீரபத்திரன் அதற்குப் பிறகும் பந்தத்தோடு முன்னே பாய்வதால், தீக்கோடு அவருக்கு முன்னால் நீளும். படத்தில் பின்வாங்குகிறவர் மாதிரித் தெரிவார். தக்கனின் யாகத்தை அழிக்க வந்தவரைப் பின்வாங்க வைப்பது பெரிய பிழை. ரியரில் போட்டால் ஷட்டர் மூடும் தறுவாயில் பிளாஷ் அடிக்கும். கோடு முதுகுக்குப் பின்னால் நிற்கும், ஆள் பாய்வார்.

ஹட்டன் பக்கத்து மாசி இரவில் பனியும் மண்ணெண்ணெய்ப் பந்தத்தின் புகையும் கலந்து நிற்கும். கமரா தலையில் பிளாஷை வைத்தால் அந்தப் புகைதான் வெள்ளையாகப் பதியும். அதனால் மூங்கில் கழியில் கட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்வேன். முன்னால் ஆரஞ்சு ஜெல். அது இல்லாவிட்டால் தீக்குப் பக்கத்தில் முகம் நீலம் பூத்துவிடும்.

இதெல்லாம் ஒரு நாளில் படிக்கலாம். படிய மறுப்பது நேரம்தான். பொத்தானை அழுத்துவது தொடக்கத்தில், பிளாஷ் அடிப்பது முடிவில். நடுவில் கண்ணாடி மேலே போய்விடுவதால் வியூபைண்டர் இருட்டு. அரை விநாடி கழித்து ஆட்டக்காரர் எங்கே நிற்பார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். எங்கள் தோட்டத்தில் தப்படித்த ஒரு பெரியவர்தான் இதற்கு வழி சொன்னார். "தம்பி, காலப் பாக்காத, தப்பக் கேளு" என்றார். இரவெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அடி இறுகி இறுகி வந்து ஒரு வீச்சில் முடியும். அந்தக் கடைசி அடியில்தான் கால் தரையில் ஊன்றும், கை மேலே போகும். அதற்கு அரை விநாடி முன்னால் விரல் அழுத்தியிருக்க வேண்டும். ரதியின் ஆட்டத்துக்கு வேறு நடை, அதற்கு ஒரு விநாடிகூடத் தாங்கும். பிளாஷில் ரியர் ஆழி இருந்த நிக்கோன் எஸ்பி-24 வந்தது 1988இல். ஆழியைத் தள்ள யாருக்கும் முடியும். தப்பைக் கேட்க யார் உட்கார்ந்தார்கள்?

ஒரு போட்டியில் நடுவர் ஒருவர், "அசைவைத் தவிர்த்திருக்கலாம்" என்று எழுதி அனுப்பினார். கூத்தில் அசைவைத் தவிர்த்தால் மிச்சம் வேஷம் மட்டுந்தான். அவர் ஒரு இரவாவது பொட்டலில் விடிய விடிய நின்றிருக்க வேண்டும்.

இப்போது பல பொட்டல்களில் எல்ஈடி ப்ளட் விளக்கு. பந்தம் எரிவதே கண்ணுக்குத் தெரிவதில்லை. பொடியன்கள் ஒரு மூச்சில் நூறு படம் தட்டி, நல்லதைப் பொறுக்கிக் கோடு வரைந்து சேர்க்கிறார்கள். தீ எப்போதும் நேராகத்தான் ஓடுகிறது அந்தப் படங்களில். காற்றும் இல்லை, கை நடுக்கமும் இல்லை.

வரும் மாசிக்கு வருகிற தம்பிகளுக்கு இரண்டு காரியம். வீரபத்திரன் வரும் நேரத்துக்காவது ப்ளட்டை அணைக்கச் சொல்லிக் கூத்து மாஸ்டரிடம் முன்னமே கேளுங்கள், கேட்டால் அணைப்பார்கள். ரேடியோ ட்ரிகர் வைத்திருந்தால், அதில் ரியர் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நிக்கோனில் கமராவே அதைப் பார்த்துக்கொள்ளும். கெனனில் சாதா ட்ரிகர் போட்டால் ஷட்டர் திறந்ததுமே அடித்துவிடும்.