டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கிடங்கு

முக்கொம்பு என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது பூங்காவும், புளிசாதப் பொட்டலமும், ஆடிப்பெருக்குக் கூட்டமும்தான். எங்களுக்கு அது வாசல். காவிரி இங்கேதான் கொள்ளிடம் என்றும் காவிரி என்றும் இரண்டாகப் பிரிகிறது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது 2018 ஆகஸ்ட் 22 இரவு இடிந்து ஆற்றோடு போயின. மறுநாள் ஊரே செல்போனும் கையுமாகக் கரையில் நின்றது. அப்பாவும் படம் பிடித்தார். நான் அப்போது சின்னப் பையன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு அந்த வீடியோ யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் தெருவில் இரண்டே பேர். மற்றதெல்லாம் எங்கே? போன் மாறிற்று, கார்டு கெட்டது, "மெமரி ஃபுல்" என்று அழித்தாயிற்று.

அப்பாவின் போன் கதை இன்னும் மோசம். சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். சாயங்காலம் போன் புதுசு போலத் திரும்பி வந்தது. உள்ளேயும் புதுசு! ஒரு படம் இல்லை. "சாஃப்ட்வேர் போட்டோம் தம்பி, அப்படித்தான் போகும்" என்றார் கடைக்காரர். போனது ஆற்று வீடியோ மட்டுமில்லை. அதற்கு முந்தைய வருஷம் தவறிப்போன எங்கள் அப்பாயியின் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "அத்தை போன்ல ஏதாவது இருக்குமாடா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அத்தையிடம் கொஞ்சம், பெரியப்பாவின் பழைய மெமரி கார்டில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் போய் வந்து மங்கிய பிரதிகள் கொஞ்சம். சேர்த்தால் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வரை வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பட்டா நகல், கூட்டுறவுச் சங்க ரசீது, பயிர்க் காப்பீட்டுத் தாள் எல்லாம் ஏற்கெனவே என் கைக்குத்தான் வரும். இப்போது படங்களும் வந்து சேர்ந்தன. எங்கே வைப்பது?

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது, நண்பர்களே! கணக்கில்லாமல் இலவசம் என்று 2015-ல் ஆரம்பித்தது, 2021 ஜூன் 1 முதல் மெயிலோடு சேர்த்து 15 ஜி.பி.க்குள் அடங்கிவிட்டது. மேலே வேண்டுமானால் மாதா மாதம் காசு. வாழைத்தார் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, என்றைக்கோ ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

அப்போதுதான் மினி பிசி கண்ணில் பட்டது. வங்கிகளிலும் கம்பெனிகளிலும் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான். பதினெட்டு சென்டிமீட்டர் சதுரம், கனம் மூன்றரை சென்டிமீட்டர். ஏறக்குறைய டிபன் பாக்ஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் அநேகமாக எதையும் ஏற்பதில்லை. ஆக, நன்றாக ஓடுகிற மெஷின்களை ஆபீஸ்கள் மூட்டை மூட்டையாகக் கழித்துவிடுகின்றன. லினக்ஸுக்கு இந்த வேற்றுமை கிடையாது. ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு லெனோவா எம்710க்யூ வாங்கினேன். 8 ஜி.பி. ராம். சின்ன எஸ்எஸ்டி ஒன்று உள்ளேயே இருந்தது. அதில் டெபியன் லினக்ஸ். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போடும் இடத்தில் 1 டி.பி. டிஸ்க், அதுதான் கிடங்கு.

அப்பா பார்த்தார். "இது நாள் முழுக்க ஓடுமா?"

"ஆமாப்பா."

"ராத்திரியுமா?"

"ஆமா."

"கரண்டு பில்லு யாரு கட்டுறது, உங்க காலேஜா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். சும்மா இருக்கும்போது இது இழுப்பது சுமார் 10 வாட். ஒரு நாளைக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாத பில்லுக்கு ஏறத்தாழ 15 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் எங்கள் வீட்டுக் கணக்கில் அது தெரியவே தெரியாது. அப்பா நம்பவில்லை. அடுத்த ரீடிங் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார். அதுவும் நியாயம்தான்.

கரண்டு போனால்? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அடிக்கடி போகும். சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அதுவும் தீர்ந்து அணைந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் தானே எழுந்துகொள்ளும்படி பயாஸில் ஒரு செட்டிங் இருக்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்தாலும் யாரும் பட்டனைத் தட்ட வேண்டியதில்லை.

லினக்ஸ் மெஷினில் உள்ள ஃபோல்டரை விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து திறக்க உதவுவது சாம்பா என்ற மென்பொருள். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் தேவைக்காக எழுதி வெளியிட்டது. மாறிய பகுதியை மட்டும் பார்த்துப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் புரோகிராமிலும் அவர் கை உண்டு. இரண்டும் இலவசம். நம் லேபில் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் புரோகிராம் எழுதுகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

போன் படங்களுக்கு இம்மிச் என்று ஒன்று போட்டிருக்கிறேன். வீட்டு வைஃபையில் போன் சேர்ந்தவுடன் புதுப் படங்கள் கிடங்குக்குப் போய்விடும். ரூட்டர் பழையது, நொடிக்கு 11 எம்.பி.தான் தள்ளும், 40 ஜி.பி. போக ஒரு மணி நேரம். அவசரம் ஒன்றுமில்லை. இது முகங்களையும் அடையாளம் கண்டு பிரிக்கும். ராத்திரி முழுக்க உறுமிவிட்டுக் காலையில் அப்பாவையும் பெரியப்பாவையும் ஒரே ஆள் என்று சேர்த்து வைத்திருந்தது! அம்மா சிரித்தாள்: "கல்யாணமான புதுசுல நானே குழம்பியிருக்கேன்." அப்பாயியை மட்டும் சரியாகப் பிரித்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அதில் பத்துப் பதினைந்து அப்பா இதுவரை பார்க்காதவை.

இதை வெளியிலிருந்து இன்டர்நெட்டில் திறக்கும்படி நான் வைக்கவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல், இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த வம்பு நமக்கு எதற்கு?

சீனியர் ஒருவர், "ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணிடு, கவலையே இல்லை" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு டிஸ்கும் கண்ணாடி போல ஒன்றாக மாறும். ஒரு படத்தைத் தெரியாமல் அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். வேண்டியது வேறு இடத்தில் ஒரு படி. ஓலைச்சுவடிக் காலத்திலேயே நம்மவர்களுக்கு இது தெரியும். ஓலை செல்லரித்துப் போவதற்குள் இன்னொருவர் படி எடுத்ததால்தான் பல நூல்கள் நம் கைக்கு வந்தன. படி எடுக்காமல் விட்டவை? ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வீட்டைப் பற்றி உ.வே.சா. எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் ஆறு அப்படி எத்தனை ஏடுகளைக் கொண்டுபோயிற்றோ!

அதனால் வெளியே இரண்டு யூஎஸ்பி டிஸ்க். ஒன்று எங்கள் வீட்டில், மற்றொன்று மணப்பாறையில் அத்தை வீட்டு பீரோவில். காவிரி எவ்வளவு பொங்கினாலும் மணப்பாறைக்கு வராது! ஊருக்குப் போகும்போதெல்லாம் புதிதாகப் படி எடுத்ததைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன். அத்தை அதை நகைப் பெட்டிக்குக் கீழே, ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

சினிமாக்களை டி.பி. கணக்கில் சேர்க்கிறவர்களுக்கு இந்த மெஷின் போதாது, பெரிய டிஸ்க் உள்ளே நுழையாது. ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

போன வாரம் ஸ்மார்ட் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருக்கும் டிஸ்கில் எட்டு செக்டார்கள் கெட்டு இடம் மாறியிருக்கின்றன. எண்ணிக்கை கூடினால் டிஸ்கை மாற்ற வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். பாதிப் பணம் தருகிறேன் என்றிருக்கிறார். மீதிக்கு இந்த செமஸ்டர் லீவில் எங்கேயாவது வேலைக்குப் போக வேண்டும்.