200 யாருக்கு?

சென்னைப் புறநகரில் நடுத்தர அளவிலான ஒரு தனியார் மருத்துவமனை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் சாத்தி வைத்திருக்கும் இடுக்கில்தான் இன்டர்காம் பெட்டி. மழைக்கால இடி ஒன்று பழைய பெட்டியின் கார்டுகளைக் கருக்கிவிட்டது. புதிய பெட்டியில் 8 வெளி லைன், 48 எக்ஸ்டென்ஷன்.

மாட்ட வந்தவர் ரிச்சி தெருக் கடை ஒன்றின் டெக்னீஷியன், ஐம்பதைத் தாண்டியவர். 1984இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த 128 போர்ட் பெட்டிகளில் தொழில் படித்தவராம். அவருடைய பையில் லேப்டாப் இருந்தது. மாலைவரை அதை அவர் திறக்கவில்லை.

கூட வந்த பையன் கேபிளை உரித்தான். உள்ளே 25 ஜோடி. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வயலெட் என்று ஐந்து நிறம். ஒவ்வொன்றோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட் வரிசையாகச் சேரும். வெள்ளை-நீலம் முதல் ஜோடி, வயலெட்-ஸ்லேட் கடைசி. அவன் வாய்ப்பாடு போல முணுமுணுத்துக்கொண்டே ஜோடி ஜோடியாக, கம்பிகளை இணைக்கும் குரோன் பிளாக்கில் வைத்து அழுத்தினான். ஒரு ஜோடி தவறினால் ஐசியூவுக்கு வரும் அழைப்பு கேன்டீனில் அடிக்கும்.

முதல் போர்ட்டில் டிஸ்ப்ளே போனைச் செருகியதும் புரோகிராமிங் தொடங்கியது. எல்லாக் கட்டளைகளும் எண்கள்தாம், பெரும்பாலும் அவருக்கு மனப்பாடம். முதலில் பாஸ்வேர்டு: 1234 என்று வந்திருந்ததை மாற்றினார். வெளியிலிருந்து கூப்பிடுபவர் ரிசப்ஷனைக் கேட்காமலே எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தும் டிஸா வசதி இதில் உண்டு. பாதுகாப்பு தளர்ந்திருந்தால் எவனோ ஒருவன் ராத்திரியில் உள்ளே நுழைந்து, ஆஸ்பத்திரி லைனிலேயே வெளிநாட்டுக்குப் பேசிவிடுவான். பில் வந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது மேனேஜர் கொடுத்த பட்டியல். வெளி லைன் யாருக்கு உண்டு, யாருக்கு உள்ளூர் மட்டும், யாருக்கு எதுவுமே கிடையாது. ஆளுக்கொரு செல்போன் இருக்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மேசையில் பூஜ்யம் அழுத்தினால் லைன் கிடைப்பது இன்னும் ஒரு பதவிதான். அந்த நிறுவனத்தில் யார் யாரைக் கேட்டுப் பேச வேண்டும் என்ற கணக்கைத்தான் அவர் பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டியலை மட்டும் நம்பி அவர் எழுதுவதில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறிக் கேட்டார். ஐசியூ சிஸ்டர், "ரத்த வங்கிக்குப் பேசணும்னா ரிசப்ஷன்ல லைன் கேக்கணும் சார். ராத்திரி அங்க ஆள் இருக்கமாட்டாங்க" என்றார். பட்டியலில் ஐசியூவுக்கு வெளி லைன் இல்லை. டெக்னீஷியன் கீழே வந்து மேனேஜரிடம், "சார், தடை அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் விலக்கு போட்டுடறேன்" என்றார். மேனேஜர் தலையசைத்தார். டெக்னீஷியன் பத்துப் பன்னிரண்டு பொத்தான்களை அழுத்தினார், அவ்வளவுதான். அன்றைய வேலையிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

நைட் மோடு, ஹோல்டு மியூசிக் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. இழுத்தது லைன் விடுபடும் சோதனை. எதிர்முனையில் போனை வைத்துவிட்டது பெட்டிக்குத் தெரியாவிட்டால் லைன் பிடிபட்டே கிடக்கும், அடுத்தவருக்கு எங்கேஜ். எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 400 ஹெர்ட்ஸ் பீப் ஒலி எவ்வளவு நேரம் அடித்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பெட்டிக்குக் கற்றுத்தர வேண்டும். தன் செல்போனிலிருந்து கூப்பிட்டு, வைத்து, காத்திருந்து, மறுபடி கூப்பிட்டார். 8 லைனுக்கும் இதே கதை.

கிளம்பும் நேரத்தில் மேனேஜர் வந்தார். எம்.டி.க்கு 200 வேண்டுமாம். அது பார்மஸி எண்.

"வயரை மாத்தணுமாண்ணே?" என்றான் பையன்.

"வயரைத் தொடாதடா. போர்ட் அங்கயேதான் இருக்கும், நம்பர்தான் மாறும்" என்றவர் மேனேஜரிடம் திரும்பி, "பில்லுக்குப் பின்னாடி 200னு அடிச்சிருக்கீங்களே சார். நாளையிலேருந்து மாத்திரை இருக்கான்னு எம்.டி.யதான் கேப்பாங்க" என்றார்.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். 222 போதும் என்றார். அது துணி வெளுக்கும் அறையில் இருந்தது. அங்கே கேட்கத் தேவையில்லை என்றும் சொன்னார். பையன் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.