‘இந்த ஷிப்மென்ட் முடியட்டும்!’

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் அவர். வயது 38. ஷிப்மென்ட் வாரம் என்றால் வீடு திரும்ப இரவு 11 மணி ஆகிவிடும். அதனால், மனைவி பக்கம் திரும்பாமல் படுத்துக்கொள்ள அவரிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது. “இந்த ஷிப்மென்ட் முடியட்டும்.” அது முடியும், அடுத்தது வந்துவிடும். 8 மாதங்கள் இப்படியே ஓடின.

ஆரம்பம் ஒரு சனிக்கிழமை இரவு. உறவின்போது பாதியிலேயே விறைப்பு போய்விட்டது. “அலைச்சலுங்க, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு மனைவி தூங்கிவிட்டார். அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் கட்டிலுக்குப் போகும்போதே ‘இன்னிக்காவது சரியா நடக்குமா?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது. நடக்கவில்லை. மூன்றாவது முறை, விறைப்பு போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டதில் ஒரு நிமிடத்துக்குள் விந்து வெளியேறிவிட்டது. ஒரு பிரச்னை இரண்டானது. அதன் பிறகுதான் ஷிப்மென்ட் காரணம் பழக்கமானது.

மனைவி பள்ளி ஆசிரியை. 9 வருடத் தாம்பத்யத்தில் கணவர் இப்படி விலகியதில்லை. மகள் பிறந்தபோது செய்த சிசேரியனுக்குப் பிறகு சரிந்துபோன வயிற்றைக் கண்ணாடியில் பார்த்து, ‘இதுதான் காரணமோ’ என்று நினைத்தார். பிறகு சந்தேகம் வந்தது. கணவர் குளிக்கும்போது அவருடைய செல்போனைக் குடைந்தார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இதற்கிடையில் கணவர் ரகசியமாக வைத்தியம் தேடிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிற ஒருவர் நாடி பிடித்துவிட்டு, “கல்யாணத்துக்கு முன்னாடி கைப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றதும், “நரம்பு தளர்ந்துபோச்சு” என்று லேகியம் கொடுத்தார். மொத்தம் 22,000 ரூபாய். சுய இன்பத்தால் நரம்பு தளராது என்பது மருத்துவம் எப்போதோ தீர்த்துவைத்த விஷயம். விந்து போனால் பலம் போய்விடும் என்கிற பயம்தான் பலருக்கு நோயாகிறது. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-லேயே அதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார். லாட்ஜ் வைத்தியர்களுக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

அடுத்து, நண்பர் சொன்ன மாத்திரை. மருத்துவரின் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் சில்டெனாஃபில் கிடைத்தது. வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 10 நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். தவிர, ஆசையும் தூண்டுதலும் இல்லாமல் அது தானாக வேலை செய்யாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனதுக்கு ஆசை எங்கிருந்து வரும்? ‘மாத்திரைக்கே கேட்கவில்லையா?’ என்று இன்னும் ஒடிந்துபோனார்.

ஒருநாள் இரவு மனைவி நேரடியாகவே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க, வேற யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லிருங்க. நானும் பாப்பாவும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறோம்.”

பையில் எடுத்துவைத்திருந்த துணிகளைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. லாட்ஜ், லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் சொல்லி அழுதார். மனைவிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். “எட்டு மாசமா நான் என்னென்னவோ நெனச்சுட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?”

உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கோவைக்குப் போனார்கள். யூராலஜிஸ்ட்டின் முதல் கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது.

“காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்குதுங்களா?”

எப்போதாவது, அதுவும் முன்பு போல உறுதியாக இல்லை என்றார். காலை விறைப்பு முழுமையாக இருந்தால் மனதின் பங்கு அதிகம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அறவே இல்லையென்றால் உடலில் தேடுவார்கள். இவர் இரண்டுக்கும் நடுவில் இருந்தார். ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 9.2 என்று வந்தது. அப்பா சர்க்கரை நோயாளி. ஆனாலும் இவர் ஒருமுறைகூட சர்க்கரை பார்த்ததில்லை.

சர்க்கரை ரத்தக்குழாயின் உட்சுவரையும் நரம்புகளையும் கெடுக்கும். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மி.மீ.தான். இதயத்தின் குழாய்கள் 3 முதல் 4 மி.மீ. அதனால், பழுது பல நேரம் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே. “நல்லவேளை, இப்பவே வந்தீங்க” என்று சொல்லி இசிஜி-க்கு எழுதிக்கொடுத்தார் மருத்துவர். மனைவிக்கு அப்போதுதான் கை நடுங்கியது. அதுவரை இதைப் படுக்கையறைப் பிரச்னையாக மட்டும்தான் நினைத்திருந்தார்.

கணவருக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. “அப்ப சுகர்தான் காரணமுங்களா? பயமில்லையே?”

“சுகர் பாதியைப் பறிச்சுது. மீதியைப் பறிச்சது உங்க பயம்.”

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும். விறைப்புக்கோ அவை விரிய வேண்டும். ஏற்கெனவே பலவீனமான குழாய், அதன் மேல் பயம். சர்க்கரையை மட்டும் குறைத்தால் பயம் நிற்கும். பயத்தை மட்டும் போக்கினால் சர்க்கரை தன் வேலையைத் தொடரும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் தொடங்கியது.

சர்க்கரைக்கு மாத்திரையும் தினமும் நடைப்பயிற்சியும். இதயம் நன்றாக இருக்கிறது, நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரைகள் எதுவும் எடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே சில்டெனாஃபிலை எழுதினார் மருத்துவர். அந்த இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை.

மனநல ஆலோசகரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் முதலில் சொன்னது, “மூணு வாரத்துக்கு உறவு வேண்டாம்.”

“எட்டு மாசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கோம்” என்றார் மனைவி. அந்த அறையில் கணவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

உறவுக்குத்தான் தடை, தொடுவதற்கு இல்லை. முதலில் கை, முதுகு, தலைமுடி என்று தொட வேண்டும். உறுப்புகளுக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-ல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கிய பயிற்சி இது. தன்னையே வெளியில் நின்று வேடிக்கை பார்க்கிற மனதை, தொடும் சுகத்துக்குத் திருப்புவதுதான் இதன் வேலை. பரீட்சையே இல்லை என்று ஆன பிறகு எதற்குப் பயப்படுவது?

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விறைப்பு வந்தது. தடை இருந்ததால் எதுவும் செய்யாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது. போனால் திரும்பி வரும் என்பது 38 வயதில் அவருக்குப் புதிய செய்தி. விந்து முந்துவதற்கு, உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் தொடரும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார் ஆலோசகர். 1956-ல் செமன்ஸ் என்ற யூராலஜிஸ்ட் எழுதியது. இதற்குப் பொறுமை வேண்டும், மனைவியின் ஒத்துழைப்பும் வேண்டும். விறைப்பு போய்விடுமோ என்ற பயம் குறைந்ததுமே அவசரமும் பாதி குறைந்துவிட்டது.

6 மாதங்கள் கழித்து ஹெச்பிஏ1சி 6.9. எல்லா முறையும் அந்த மாத்திரை தேவைப்படுவதில்லை. எல்லா முறையும் சரியாக நடந்துவிடுவதும் இல்லை. போன மாதம்கூட ஒருநாள் பாதியில் நின்றுபோனது. அவர் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்தார்.

“என்னங்க, ஷிப்மென்ட் லேட்டா?” என்றார் மனைவி.

பக்கத்து அறையில் மகள் எழுந்துவிடுவாளே என்று, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.