மூன்று தலைமுறையும் மாத்தேரானும்

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, நண்பர்களின் பிரயாணங்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுப்பது பழக்கம். சொந்த வீட்டுப் பிரயாணத்தில்தான் என் சாமர்த்தியம் தோற்றது.

கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து மாத்தேரான் செல்வதென முடிவாயிற்று. குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி, மனைவிக்கு எக்கோ முனை, எனக்குக் குளிர்காற்று என்று பட்டியலிட்டேன். தாயார் மெல்லச் சொன்னார்: "நீங்கள் போய் வாருங்கள்; வீட்டுக்குக் காவல் வேண்டாமா?" அவருடைய முழங்கால் வலி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பட்டியலில் அவரே இல்லை!

காகிதத்தைக் கிழித்துவிட்டு, தாயாரை முன்வைத்து மறுபடி எழுதினேன். மாத்தேரானுக்குள் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. டாக்ஸி தஸ்தூரியோடு நின்றுவிடும். நேரலில் புறப்படும் சிறு ரயிலோ சுமார் 20 கிலோமீட்டர் மலையேறி ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பாதை அது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து ஓடாது. இடங்கள் குறைவாதலால் அதிகாலை லோக்கலிலேயே நேரல் சேர்ந்தோம். நிலையத்தருகே தரைத்தள அறை, நாளுக்கு ஓரிடம் மட்டும், பிற்பகலில் ஓய்வு.

மூன்று நாட்களில் நாங்கள் கண்ட இடங்கள் சொற்பமே. ஆயினும், சார்லட் ஏரிக்கரையில் பேரக்குழந்தைகளுக்குத் தாயார் தம் ஊர்க் குளத்தின் கதையைச் சொன்னார். நானே அதுவரை கேட்டிராத கதை அது.

திரும்பும்போது, வீட்டுக்குக் காவல் இருப்பேன் என்றவரே கேட்டார்: "அடுத்த கோடைக்கு எங்கேயப்பா?"

அன்பர்களே, திட்டமிடும்போது வீட்டில் மெதுவாக நடப்பவரை முதலில் எண்ணுங்கள்.